முப்பது நிமிட இரக்கம்

2012ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 5ஆம் நாள், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் இயங்கிய ‘இன்விசிபிள் சில்ட்ரன்’ என்னும் அமைப்பு ‘கோனி 2012’ என்ற காணொளியை இணையத்தில் வெளியிட்டது. அரைமணி நேரம் ஓடும் அப்படம் ஆறே நாள்களில் பத்துக் கோடி முறை பார்க்கப்பட்டது. அதுவரை எந்தக் காணொளியும் அத்தனை விரைவில் அத்தனை கண்களை எட்டியதில்லை. உகாண்டா நாட்டின் வடபகுதியில் பல்லாயிரம் சிறுவர் சிறுமியரைக் கடத்திச் சென்று, ஆண் பிள்ளைகளைக் கொலைகாரப் படையாகவும் பெண் பிள்ளைகளைப் படைத்தலைவர்களின் அடிமை மனைவியராகவும் ஆக்கிய ‘ஆண்டவரின் எதிர்ப்புப் படை’யின் தலைவன் ஜோசப் கோனியை உலகறியச் செய்வதும், அந்த ஆண்டு முடிவதற்குள் அவனைப் பிடிக்க வைப்பதும் படத்தின் நோக்கம்.

பழைய கதையை இப்போது கிளறுவானேன் என்று வாசகர் வினவலாம். தனிமனிதர் ஒருவர் தம் நெஞ்சைத் தொட்ட ஒரு காரியத்தைத் தம் முகத்தோடும் தம் வீட்டோடும் சேர்த்துப் படமாக்கி, ‘பாருங்கள், பிறருக்கு அனுப்புங்கள், பணம் கொடுங்கள்’ என்று வேண்டுகிற கலை இன்று எங்கும் பரவிவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் யாரோ ஒரு தாய் அழுகிறார், யாரோ ஒரு குழந்தை மூச்சுத் திணறுகிறது. நம் பங்குகளின் இளைஞர் குழுக்களும் இக்கலையில் இறங்கிவிட்டன. இக்கலையின் ஆற்றலையும் நோயையும் ஒருங்கே காட்டும் படம் ‘கோனி 2012’. ஆகவே அதை ஒரு படைப்பாகவே எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும் என எண்ணுகிறோம்.

முதலில் அதன் திறமையை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதருக்கு மனிதரோடு இணைந்து வாழும் வேட்கை உண்டு என்ற எண்ணத்தோடு படம் தொடங்குகிறது. இயக்குநர் ஜேசன் ரஸ்ஸல் தம் மகன் பிறந்த தருணத்தைக் காட்டுகிறார். அப்பிள்ளை வளர்கிறான், துள்ளுகிறான், தந்தையோடு சேர்ந்து படம் எடுத்து விளையாடுகிறான். பிறகு காட்சி ஆப்பிரிக்காவுக்குத் தாவுகிறது. ஜேக்கப் என்னும் சிறுவன் தன் அண்ணன் கொல்லப்பட்டதைச் சொல்லித் தேம்பி அழுகிறான். வாழ்வதைவிடச் சாவது மேல் என்கிறான். ‘இதை நிறுத்துவோம்’ என்று ரஸ்ஸல் அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்குறுதிதான் படத்தின் முதுகெலும்பு. அக்காட்சியைக் கண்டு நெஞ்சு கலங்காதவர் இருக்க முடியாது, நாமும் கலங்கினோம்.

ஆயினும் படம் நகர நகர ஓர் ஐயம் எழுகிறது. இது யாருடைய கதை? ஜேக்கப் அழுத பின் திரை மீண்டும் ரஸ்ஸலிடமும் அவர் மகனிடமுமே திரும்புகிறது. கூட்டங்களில் கை உயர்த்தும் அமெரிக்க இளைஞர், சுவரொட்டி ஒட்டும் இளைஞர், வாஷிங்டனில் அரசியல்வாதிகளைச் சந்திக்கும் இளைஞர் என்று அவர்களே திரையை நிறைக்கின்றனர். உகாண்டா மக்கள் தங்கள் வாயால் பேசும் நேரம் சொற்பம். காயம் அவர்களுடையது, கதாநாயகன் வேறொருவர்.

நல்ல சமாரியர் உவமையில் ஆண்டவர் அந்த மனிதருக்குப் பெயர் சூட்டவில்லை. அவர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்க்கிறார், கட்டுகிறார், சாவடிக்குக் கொண்டுபோகிறார், இரண்டு தெனாரியம் கொடுக்கிறார், திரும்பி வருவதாகச் சொல்லிப் போய்விடுகிறார். சமூக வலைத்தளங்களைக் குறித்து வத்திக்கான் 2023ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனையும் இவ்வுவமையையே அடிப்படையாகக் கொண்டிருப்பது பொருத்தமே. ரஸ்ஸலின் படத்தில் சமாரியர் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு அடிக்கடி நம் பக்கம் திரும்பி, ‘நான் ஏன் நின்றேன் தெரியுமா?’ என்று விளக்குகிறார்.

படத்தின் மையக்காட்சி என நாம் கருதுவது ஏறத்தாழ ஐந்து வயதான அந்த மகனைத் தந்தை மேசையில் அமர்த்திப் பேசும் இடம். கோனியின் படத்தையும் ஜேக்கப்பின் படத்தையும் காட்டி, இவன் கெட்டவன், இவன் நம் நண்பன் என்று விளக்குகிறார். குழந்தைக்குப் புரிகிறது. பார்ப்போருக்கும் அந்த அளவே புரிந்தால் போதும் என்று படம் முடிவு செய்துவிடுகிறது. குழந்தைக்குச் சொல்லும் முறையில் பெரியவர்களுக்குச் சொன்னால் விரைவில் பரவும் என்பது உண்மைதான். ஆனால் கோதுமையும் களைகளும் ஒரே நிலத்தில் வேர் பின்னிக் கிடக்கும் இடத்தில் அந்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும்?

தோமினிக் ஓங்வென் என்பவரின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது. கோனியின் படையில் பெருந்தளபதிகளுள் ஒருவர் அவர். 2015 ஜனவரியில் பிடியில் வந்தார். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 2021 பிப்ரவரி 4 அன்று 61 குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து, மே மாதம் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் செய்தவை எழுதக் கை கூசும் கொடுமைகள். எனினும் அவரே ஏறத்தாழ ஒன்பது வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் அதே படையினரால் கடத்தப்பட்ட சிறுவர். நீதிபதிகள் தண்டனையை அளவிடும்போது இதையும் கருதினர். ரஸ்ஸலின் மேசையில் இவருடைய புகைப்படத்தை வைத்திருந்தால் அதை எந்தப் பக்கம் வைப்பது? கோனியின் காடுகளில் துப்பாக்கி ஏந்தியவர்களில் பெரும்பாலோர் முன்னாள் ஜேக்கப்கள். ஆதலால்தான் வடஉகாண்டாவின் ஆயர்களும் பிற சமயத் தலைவர்களும் படைபலத்தைவிடப் பேச்சுவார்த்தையையும் பொதுமன்னிப்பையும் வற்புறுத்தினர்; 2000ஆம் ஆண்டு அந்நாட்டில் பொதுமன்னிப்புச் சட்டமும் நிறைவேறியது. காட்டிலிருந்து திரும்பி வரக்கூடியவர்கள் அவர்கள் பெற்ற பிள்ளைகள் அல்லவா? இவற்றையெல்லாம் சொல்லப் படத்துக்கு நேரமில்லை. அமெரிக்கப் படை ஆலோசகர்கள் அங்கேயே நீடிக்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

இன்னொன்று காலம் பற்றியது. கோனியின் படை 2006ஆம் ஆண்டளவில் உகாண்டாவை விட்டே வெளியேறி, காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகிய நாடுகளின் காடுகளில் சில நூறு பேராய்ச் சுருங்கியிருந்தது. படம் இதை ஓரிடத்தில் சொல்லாமல் இல்லை. ஆனால் பார்த்தவர் மனத்தில் நிற்பது இன்றும் எரியும் உகாண்டாவே. உகாண்டாவின் பத்திரிகையாளர் ரோஸ்பெல் ககுமிரே அந்த வாரமே தாமும் ஒரு சிறு காணொளியில் தோன்றி, தம் மக்களைக் கையாலாகாதவர்களாகக் காட்டும் இக்கதை சொல்லும் முறையை மறுத்துப் பேசினார். அதைப் பார்த்தவர் தொகை மூலப்படத்தைப் பார்த்தவர் தொகைக்கு அருகில்கூட வரவில்லை.

மார்ச் 13ஆம் நாள் இரவு நடந்ததே இப்படத்துக்குக் கிடைத்த மிக நேர்மையான திறனாய்வு. போரில் மிகவும் அடிபட்ட லீரா நகரில் ஓர் உள்நாட்டுத் தொண்டு நிறுவனம் திறந்தவெளியில் திரை கட்டி இப்படத்தைக் காட்டியது. ஆயிரக்கணக்கானோர் கூடினர். தங்களைப் பற்றி உலகமே பேசும் படம் என்று கேள்விப்பட்டுத் தொலைவிலிருந்து நடந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். திரையில் வந்ததோ ஓர் அமெரிக்கத் தந்தையும் மகனும். தங்கள் பிள்ளைகளைக் கொன்றவனின் பெயரைச் சட்டையிலும் கைப்பட்டையிலும் பொறித்து அணிந்து திரியும் அயல்நாட்டு இளைஞரைக் கண்டபோது அவர்களால் தாங்க முடியவில்லை. கூச்சல் எழுந்தது; கற்கள் பறந்தன. தொடர்ந்து பிற ஊர்களில் நடக்கவிருந்த காட்சிகளை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது.

ஒரு துன்பத்தைப் படமாக்கியவர், அத்துன்பத்தை அனுபவித்தவரின் பக்கத்தில் அமர்ந்து அதைப் பார்க்கத் துணிவாரா? வேறு எந்த அளவுகோலையும்விட இதுவே போதுமானது என்று நமக்குத் தோன்றுகிறது. பத்துக் கோடிப் பேர் கண்ணீர் விட்ட படம், அது யாருக்காக எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதோ அவர்கள் முன்னிலையில் முழுதாக ஓட முடியவில்லை.

அந்த ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்காகத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தேர்ந்துகொண்ட கருப்பொருள் ‘மௌனமும் சொல்லும்’ என்பதாகும். செய்தி வெளியானது ஜனவரி 24 அன்று. கோனி படம் வந்தது ஆறு வாரம் கழித்து. எழுதி வைத்துச் சொன்னாற்போல் இரண்டும் அருகருகே அமைந்துவிட்டன. சொல் முதிர்வதற்கு மௌனம் வேண்டும் என்பதுதான் அச்செய்தியின் சாரம். ‘இப்போதே பகிர்’ என்ற கட்டளைக்கு முன்னால் அத்தகைய மௌனத்துக்கு இடமேது? வெளியீட்டுக்குப் பத்தாம் நாள் ரஸ்ஸல் மனம் உடைந்து தெருவில் தன்னிலை இழந்தார். அதையும் ஒருவர் படமெடுத்தார்; அதையும் அதே கூட்டம் அதே விரைவோடு பகிர்ந்து நகைத்தது. அவர்மேல் நமக்கு இரக்கமே உண்டு. இரக்கத்தைப் பரப்பிய அதே குழாயில்தான் ஏளனமும் பாய்ந்தது என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம்.

நியாயமாகப் பேச வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க ஒன்றியம் அதே மார்ச் மாதம் 5,000 பேர் கொண்ட படையை அறிவித்தது. 2013இல் அமெரிக்கா கோனியைப் பற்றிய தகவலுக்கு 50 இலட்சம் டாலர் வரை வெகுமதி வைத்தது. அந்த அமைப்பு காங்கோவின் காட்டு ஊர்களில் வானொலிக் கருவிகளை நிறுவி, தாக்குதல் வருமுன் ஊருக்கு ஊர் எச்சரிக்கும் வலையை விரித்தது. அதனால் உயிர் தப்பியோர் இருக்கக்கூடும். ஆனால் ஏப்ரல் 20 இரவு உலக நகரங்களையெல்லாம் சுவரொட்டிகளால் மூடுவோம் என்ற அழைப்பு பிசுபிசுத்துப் போயிற்று. ஆறு வாரத்தில் பத்துக் கோடிப் பேரின் இரக்கம் வேறெங்கோ போய்விட்டது. 2017இல் அமெரிக்காவும் உகாண்டாவும் தேடுதலை முடித்துக்கொண்டன. 2025இல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் கோனி இல்லாமலேயே விசாரித்து 39 குற்றச்சாட்டுகளை உறுதி செய்தது. ஆள் கிடைத்தால்தான் வழக்கு மேற்கொண்டு நடக்கும். ஒருமைப்பாடு என்பது எங்கோ துன்புறுவோரை நினைத்து மேலோட்டமாக வருந்துவதன்று, பொதுநலனுக்காக உறுதியோடு நிலைத்து உழைப்பதே என்று புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1987ஆம் ஆண்டின் சுற்றுமடலில் வகுத்துக் காட்டியதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காணொளியே ஆகாது என்பது நம் கருத்தன்று. நம் கொடைக்கானலின் வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவுச் சிக்கலால் 2001இல் மூடப்பட்டது. தங்கள் உடல்நலம் கெட்டது என்று அதன் தொழிலாளர் பதினான்கு ஆண்டுகளாகப் போராடினர். நிறுவனம் அக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. 2015 ஜூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் ஒரு பாடற்காணொளியில் தோன்றி அதைப் பாடினார். இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளரோடு உடன்பாடு செய்துகொண்டது. மேற்கத்திய மெட்டு நம் செவிக்கு ஒவ்வாது போகலாம். அது வேறு செய்தி. அங்கே போராட்டம் முன்பே இருந்தது, தொழிலாளரின் சங்கம் இருந்தது, கோரிக்கை அவர்களுடையதாக இருந்தது. பாடல் அவர்களின் பின்னால் வந்து சேர்ந்து குரலை உயர்த்தியது.

கோனியின் கதையிலும் அப்படி முன்பே இருந்தவர்கள் உண்டு. படத்தின் முப்பது நிமிடத்தில் அவர்களைப் பார்க்க முடியாது. நம் வாசகர் அவர்களை அறிவது நலம்.

1996 அக்டோபர் 9ஆம் நாள் நள்ளிரவு கடந்து, அபோக்கே என்னும் ஊரில் கொம்போனி சபைக் கன்னியர் நடத்திய தூய மரியா பெண்கள் பள்ளியின் விடுதிக்குள் கோனியின் ஆள்கள் புகுந்து 139 மாணவியரைக் கட்டி இழுத்துச் சென்றனர். விடிந்ததும் துணைத் தலைமையாசிரியை, இத்தாலியரான அருள்சகோதரி ரக்கேலே ஃபாஸ்ஸேரா, ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவர்கள் சென்ற தடத்தைப் பார்த்துப் பார்த்துக் காட்டுக்குள் நடந்தார். ஆயுதம் இல்லை, அரசின் துணை இல்லை. படைத்தலைவனைக் கண்டுபிடித்து மன்றாடினார். அவன் 139 என்று மண்ணில் எழுதி, 109 பேரைத் தருகிறேன், 30 பேரை வைத்துக்கொள்கிறேன் என்றான். அந்த முப்பது பேருக்காகத் தம்மை எடுத்துக்கொள்ளச் சொல்லியும் அவன் இணங்கவில்லை. 109 பேரை அழைத்துக்கொண்டு அவர் திரும்பினார். முப்பது பெயர்களை நெஞ்சில் சுமந்து ஒருவர் காட்டுவழி நடந்து திரும்புவதை எண்ணிப் பார்க்கவே நமக்கு அச்சமாயிருக்கிறது.

அந்த முப்பது பேருள் ஒருத்தி லீராவில் தாதியாகப் பணிபுரிந்த ஆஞ்ஜெலினா அத்யாமின் பதினான்கு வயது மகள். பெற்றோர் கூடிச் சங்கம் அமைத்தனர், கூடிச் செபித்தனர். ஒருநாள் ஆண்டவர் கற்பித்த செபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்ததும் அவர்களால் மேலே சொல்ல முடியவில்லை. செபம் பாதியில் நின்றது. நம் பங்குகளில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தடையின்றி ஓடிக் கடக்கும் வரி அது! பின்னர் ஆஞ்ஜெலினா தம் மகளை வைத்திருந்த படைத்தலைவனின் தாயைத் தேடிச் சென்று, மன்னித்துவிட்டதாகச் சொன்னார். உலகெங்கும் சென்று பேசினார்; 1998இல் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பரிசைப் பெற்றார். அவருடைய குரல் கோனிக்குத் தொல்லையாயிற்று. அவர் வாய்மூடினால் அவருடைய மகளை மட்டும் விட்டுவிடுவதாகச் செய்தி வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் விடு என்று அவர் மறுமொழி சொன்னார். மகள் தப்பி வந்தது 2004இல், இரண்டு குழந்தைகளின் தாயாக.

சொந்தக் காரியம் என்பதற்கு இதைவிடச் சொந்தமானது எது? அவர் வயிற்றில் பிறந்த பிள்ளை. ஆனால் அவருடைய வழக்கு விரிந்துகொண்டே போகிறது. முப்பது பேரையும், பிறகு காட்டிலுள்ள அத்தனை பிள்ளைகளையும், கடைசியில் எதிரியின் தாயையும் உள்ளே அழைத்துக்கொள்கிறது. ரஸ்ஸலின் படத்திலோ கண்டங்கள் கடந்து தொடங்கிய வழக்கு சுருங்கிக்கொண்டே வந்து ஒரு தந்தை தன் மகனுக்கு விட்டுச்செல்ல விரும்பும் உலகத்தில் முடிகிறது. கலை நோக்கில் பார்த்தாலும் படத்தின் பெருங்குறை இதுவே.

2003 ஜூன் மாதம் குலு நகரப் பேராயர் யோவான் பப்திஸ்து ஒடாமா செய்ததையும் சொல்லிவிடுவோம். கடத்தலுக்கு அஞ்சி ஒவ்வொரு மாலையும் ஆயிரக்கணக்கான சிறுவர் கிராமங்களிலிருந்து நடந்து வந்து நகரத் திண்ணைகளில் படுப்பார்கள். பேராயர் பிற சமயத் தலைவர்களோடு தம் பாயைத் தூக்கிக்கொண்டு போய் நான்கு இரவுகள் பேருந்து நிலையத்தில் அப்பிள்ளைகளோடு படுத்தார். அதுவும் உலகின் கவனத்தை ஈர்க்கச் செய்த செயல்தான்; விளம்பரம் என்றே சொன்னாலும் தவறில்லை. ஆனால் பார்க்க வந்த புகைப்படக்காரருக்குப் பேராயரோடு பிள்ளைகளும் சேர்ந்தே தெரிந்தனர். அவர் படுத்த தரை அவர்கள் படுத்த தரை.

இவற்றை நாம் எழுத நேர்ந்த காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நம் பங்கின் இளைஞர் நால்வர், சிறுநீரகம் கெட்ட ஒரு சிறுவனின் மருத்துவத்துக்காகக் காணொளி எடுக்க அனுமதி கேட்டு வந்தனர். நல்ல பிள்ளைகள். முதல் காட்சியில் சிறுவன் அழ வேண்டும், அடுத்து தாய் கைகூப்ப வேண்டும், பின்னணியில் வயலின் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தனர். தாயையும் அழைத்துப் பேசினோம். கூலி வேலை செய்பவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “சாமி, இந்தப் படம் எத்தன நாளைக்கு அதுல இருக்கும்? எம்மவன் பெரியவனாகி இதப் பாக்க மாட்டானா?”

இளைஞர்களிடம் விடையில்லை. அழிக்கலாம் என்றான் ஒருவன். பிறர் எடுத்து வைத்திருப்பதை அழிக்க முடியாது என்றான் மற்றவன். கடைசியில் சிறுவனின் முகமும் பெயரும் இல்லாமல், மருத்துவமனையின் மதிப்பீட்டையும் வங்கிக் கணக்கையும் பங்குப்பேரவைச் செயலர் படித்துக்காட்ட இரண்டு நிமிடக் காணொளி ஒன்று எடுத்தனர். எதிர்பார்த்த தொகையில் பாதிகூட வரவில்லை. முகம் காட்டியிருந்தால் வந்திருக்கும் என்று அவர்கள் சொன்னதை நம்மால் மறுக்க முடியவில்லை. மீதிக்கு அன்பியங்கள் வீடு வீடாகப் போகின்றன. திங்கள்தோறும் கணக்கு ஆலயப் பலகையில் ஒட்டப்படுகிறது. பையனுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துவருகிறது. நால்வரில் ஒருவன் செவ்வாய்க்கிழமைகளில் தன் வண்டியில் அவனை அழைத்துச் செல்கிறான்.